நிறுத்தச் சொல்வது யார்?

திறந்த மூல மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கும் சிறு குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சம்பளம் கிடையாது. சனி, ஞாயிறுகளில் ராசாவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வரும்போது சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு வரி வரியாக மொழிபெயர்ப்பேன்.

ஒருமுறை வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போதே எல்லா வரிகளையும் முடித்துவிட்டேன். மறுநாள் திறந்து பார்த்தால் நாற்பது வரிகளுக்கு மேல் மறுபடி ஆங்கிலத்தில் கிடந்தன. நிரலாளர் ஒருவர் ஆங்கில மூலத்தில் கை வைத்திருந்தார். பெரிதாக ஒன்றுமில்லை. சில இடங்களில் ஒரு காற்புள்ளி, சில இடங்களில் பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மாறியிருந்தது. ஆனால் மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவிக்கு ஆங்கில வாக்கியம்தான் சாவி. அதில் ஒரு புள்ளி மாறினாலும் அதற்குரிய தமிழை ‘ஃபஸி’, அதாவது சந்தேகத்துக்குரியது என்று குறித்து ஒதுக்கி வைத்துவிடும். யாராவது மறுபடி பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பயனருக்கு ஆங்கிலம்தான் தெரியும். அவருக்கு ஒரு காற்புள்ளி. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த மாற்றம் அப்போது வந்திருக்கவே கூடாது. அது ‘ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்’ காலம். கோபத்தோடு எழுதினேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: பிழை கண்ணில் பட்டது, சின்னத் திருத்தம்தானே என்று செய்துவிட்டேன், மன்னிக்கவும். அந்த ‘சின்னத் திருத்தம்தானே’ என்ற சொல் எனக்கு ஒரு வாரம் வரைக்கும் ஆறவில்லை.

இந்த ஃப்ரீஸ் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திறந்த மூல மென்பொருளை ஒரே நிறுவனம் எழுதுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் அவரவர் ஊரில், அவரவர் நேரத்தில் எழுதுகிறார்கள். ஒருவருடைய நிரல் இன்னொருவருடைய நிரலின் தோளில் நிற்கிறது. எல்லாரும் எப்போதும் மாற்றிக்கொண்டே இருந்தால் எதையும் சோதிக்க முடியாது, மொழிபெயர்க்க முடியாது. எனவே வெளியீட்டுக்கு முன்னால் ஒரு தேதி குறிக்கிறார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு புதிய வசதி சேர்க்கக் கூடாது. பிறகு வரும் இன்னொரு தேதியிலிருந்து திரையில் தெரியும் வாக்கியங்களைத் தொடக் கூடாது. அதற்கும் பிறகு, மிக மோசமான பிழையைத் தவிர நிரலையே தொடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியாகும் க்னோம் திட்டத்தில் இது ஒழுங்காக நடக்கிறது. வாக்கியங்களுக்கான ஃப்ரீஸை மீற வேண்டுமானால் மொழிபெயர்ப்பை ஒருங்கிணைப்பவர்களில் இருவர் சம்மதிக்க வேண்டும். நிரலுக்கான ஃப்ரீஸை மீற வெளியீட்டுக் குழுவில் இருவர் சம்மதிக்க வேண்டும். மீறினால் போலீஸ் வராது. அபராதம் இல்லை. ஒரு வாக்கு, அவ்வளவுதான்.

ஆறேழு மாதம் கழித்து அதே வாக்கு என் கழுத்தைப் பிடித்தது. வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பு, எங்கள் மென்பொருளின் தமிழ்த் திரையில் ஒரு கோளாறைக் கண்டேன். ‘சேமித்து மூடு’, ‘சேமிக்காமல் மூடு’ என்று அருகருகே இரண்டு பொத்தான்கள். தமிழ்ச் சொல் நீளம், பொத்தான் குட்டை. இரண்டுமே ‘சேமி…’ என்று வெட்டுப்பட்டுத் தெரிந்தன. எதை அழுத்தினால் வேலை காப்பாற்றப்படும், எதை அழுத்தினால் தொலைந்துபோகும் என்று யாருக்கும் தெரியாது. பொத்தானை அகலப்படுத்த ஐந்து வரி நிரல் போதும். எழுதி அனுப்பினேன். கூடவே ஒரு குறிப்பு: ஃப்ரீஸ் என்று தெரியும், ஆனால் இது சின்னத் திருத்தம்தான்.

அனுப்பிய பிறகுதான் என் சொல் யாருடைய சொல் என்று உறைத்தது.

வெளியீட்டுக் குழுவில் ஒருவர் சம்மதித்தார். இன்னொருவர் கேட்டார்: பொத்தான் அகலமானால் மற்ற மொழிகளில் அந்தச் சன்னல் எப்படித் தெரியும்? சின்னத் திரையில்? வலமிருந்து இடமாக எழுதும் மொழியில்? நான்கு நாளில் இதையெல்லாம் யார் பார்ப்பது? என்னிடம் பதில் இல்லை. அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம் என்று மூடிவிட்டார்கள். அடுத்த வெளியீடு என்றால் ஆறு மாதம்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. தன் விருப்பத்தின் பேரில், சம்பளமில்லாமல் வேலை செய்கிறவனைப் பார்த்து ‘கையை நிறுத்து’ என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? அதுவும் அவன் செய்வது நல்ல வேலை என்று தெரிந்த பிறகும்?

ஃப்ரீஸ் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று குழுவில் ஒருநாள் பேச்சு வந்தது. ‘உறைவு’ என்றார் ஒருவர். பனியே விழாத ஊரில் உறைவாவது என்று சிரித்தோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் உறைதல் என்பது தினப்படிச் சொல். பாட்டி ராசா பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருக்கு உறைவது என்றால் ரப்பர் பால்தான். சீவிய மரத்திலிருந்து மங்கில் வடிகிற பாலை நேரத்தோடு எடுத்துவிட வேண்டும். விட்டால் மங்கிலேயே இறுகிப்போகும். எடுத்த பாலைக் கொண்டுபோய்த் தொட்டியில் சேர்த்து, தண்ணீர் கலந்து, ஆசிட் ஊற்றி வேண்டுமென்றே உறையவைப்பார்கள். அதை உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிப் புகையில் காயவைத்தால் ஷீட்டு.

“மங்குல தானா உறைஞ்சா அது கட்டிப்பால்டா தம்பி, வெல கம்மி. எல்லாப் பாலும் சேந்து தொட்டியில உறைஞ்சாத்தான் ஷீட்டு” என்பார் பாட்டி.

ஃப்ரீஸ்களை ஒருங்கிணைப்பது என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு திட்டமும் தனக்குத் தோன்றிய நாளில் நின்றால் கிடைப்பது கட்டிகள். ஒன்று நிற்கும்போது இன்னொன்று ஓடும், நின்றது வீண். எல்லாம் சேர்ந்து ஒரே காலத்தில் நின்றால்தான் மேலே இருப்பவன் நம்பிக் கட்ட முடியும்.

ஆனால் இதில் ஒரு விஷயம் விடுபடுகிறது. பாலை யாரும் கேட்பதில்லை. மனிதனைக் கேட்க வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெபியனில் நல்ல உதாரணம் இருக்கிறது. டெபியன் என்பது தன்னார்வலர்கள் கட்டிக்காக்கும் லினக்ஸ் விநியோகம். உபுண்டு அதன்மீது கட்டப்பட்டது. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் 2008இல் ஒரு யோசனையை முன்வைத்தார். பெரிய லினக்ஸ் விநியோகங்கள் தங்கள் வெளியீட்டுக் காலத்தை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டால் எல்லாரும் ஒரே பதிப்புகளைச் சோதிக்கலாம், ஒரே பிழைகளைச் சேர்ந்து திருத்தலாம். மற்றவர்கள் ஒப்புக்கொண்டால் உபுண்டுவும் தன் தேதியை நகர்த்தத் தயார் என்றார். நல்ல யோசனைதான்.

2009 ஜூலை இறுதியில், ஸ்பெயினில் நடந்த டெபியன் மாநாட்டின்போது ஓர் அறிவிப்பு வந்தது. இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டிசம்பரில் ஃப்ரீஸ். முதலாவது அந்த ஆண்டு டிசம்பரிலேயே. முந்தைய பதிப்பு வெளியானதே அந்த பிப்ரவரியில்தான். பல நிரலாளர்கள் கொதித்துப்போனார்கள். தேதியைவிட அது வந்த வழிதான் அவர்களைச் சுட்டது. யாரைக் கேட்டு முடிவெடுத்தீர்கள்? உபுண்டுவின் வசதிக்கு நாங்கள் ஏன் நிற்க வேண்டும்? சில நாட்களிலேயே வெளியீட்டுக் குழு அந்த டிசம்பர் தேதியை மறுபரிசீலனை செய்வதாகச் சொன்னது. கடைசியில் ஃப்ரீஸ் நடந்தது 2010 ஆகஸ்ட் 6ஆம் தேதி. அந்தப் பதிப்பு 2011 பிப்ரவரியில் வெளியானது.

இதோடு கதை முடியவில்லை. பின்னால் வந்த ஒரு பதிப்புக்கு 2014 நவம்பர் 5 என்று ஃப்ரீஸ் தேதி குறித்தபோது, அதை ஓர் ஆண்டுக்கும் முன்பே, 2013 அக்டோபரில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தேதியில் ஃப்ரீஸ் நடந்தது. நிற்பதற்கு முன் எதை முடிக்கலாம், எதை விடலாம் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுக்கொள்ள ஓர் ஆண்டு கிடைத்தது. தலைக்குமேல் விழுகிற தேதிக்கும் கையில் கொடுக்கப்படுகிற தேதிக்கும் இவ்வளவு வித்தியாசம்.

டெபியன் கதையைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு எங்கள் பக்கத்துப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வரும். அதிலும் ஒருங்கிணைந்து நிறுத்துவதுதான் விஷயம், நின்றது ரப்பர்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை சரிந்தது. 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. டச்சுக்காரர்களின் இந்தோனேசியா சேரவில்லை. இவர்கள் நின்ற நேரத்தில் அவர்கள் ஓடினார்கள். அங்கே சிறு தோட்டக்காரர்கள் பெருகினார்கள். 1928இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அடுத்து உலகப் பொருளாதாரமே விழுந்தது. 1930 மே மாதம் பிரிட்டிஷ், டச்சு முதலாளிகள் சேர்ந்து ஒரு மாதம் மரம் வெட்டுவதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். ‘வெட்டு விடுமுறை’ என்று அதற்குப் பெயர். அன்றாடம் காசு தேவைப்பட்ட சிறு தோட்டக்காரர்கள் எப்படி நிறுத்துவார்கள்? நிறுத்திய மரங்களும் சும்மா இருக்கவில்லை. ஓய்வெடுத்த மரம் பிறகு கூடுதலாகப் பால் கொடுக்கும். விலை தொடர்ந்து விழுந்தது. மலாயா, இலங்கை, இந்தியாவோடு டச்சு, பிரெஞ்சு காலனிகளும் சயாமும் சேர்ந்து கையெழுத்திட்ட உடன்பாடு 1934இல்தான் வந்தது.

மென்பொருள்காரர்களுக்கு இதில் எல்லாமே தெரிந்த முகமாக இருக்கும். ஒருவர் சேராவிட்டால் சேர்ந்தவர் நஷ்டப்படுவது. நிற்க வசதியில்லாதவர் நிற்காமல் போவது. ஃப்ரீஸ் முடிந்த மறுநாள், தேக்கி வைத்த மாற்றமெல்லாம் ஒரேயடியாக வந்து கொட்டுவது.

ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அந்த உடன்பாடுகளில் கத்தி பிடித்த கைக்கு இடமே இல்லை. வெட்டு நின்றால் யாருடைய கூலி நிற்கிறது என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பொருளாதாரச் சரிவு முற்றிய 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்களுக்குக் கூலி குறைந்தது.

பாட்டி காலத்திலும் இதன் சின்ன வடிவம் இருந்தது. விடியற்காலை பெரட்டுக்குப் போய் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. “மழ நிறுத்துனாலும் தொர நிறுத்துனாலும் பட்டினி நமக்குத்தான்” என்பார். மரத்துக்கு நல்லதா கெட்டதா என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மழையில் வெட்டினால் பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும் என்று அவரே சொல்வார். நிறுத்துவது சரிதான். அதற்கான விலையை ஒருவர் மட்டும் கொடுப்பதுதான் சரியில்லை.

தொழிலாளர்களே நிறுத்தியபோது என்ன நடந்தது என்பதும் சிலாங்கூருக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னால் நின்றார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான பள்ளி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகியவை அவர்கள் கேட்டவற்றில் சில. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். முதலாளிகள் சேர்ந்து நிறுத்தியபோது அதற்குப் பெயர் உடன்பாடு. கூலிகள் சேர்ந்து நிறுத்தியபோது அதற்குப் பெயர் கலவரம்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் என்னை அவர்களோடு ஒப்பிடவில்லை. அது அசிங்கம். நான் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். டெபியன்காரர்கள் முடியாது என்றார்கள், தேதி நகர்ந்தது, யாரும் சாகவில்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான்: நிறுத்தச் சொல்வது யார், நிற்பது யார், அதனால் நன்மை யாருக்கு? இந்த மூன்றுக்கும் மூன்று வேறு பதில் வந்தால் அந்த நிறுத்தத்தில் அநியாயம் இருக்கிறது என்று கொள்ளலாம். மூன்று கூட்டமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருந்தால் அந்த நிறுத்தத்துக்கு நான் கட்டுப்படலாம்.

அப்படிப் பார்த்தால் ஸ்ட்ரிங் ஃப்ரீஸ் என்பது அபூர்வமான ஒன்று. வேகமாக ஓடுகிறவர்கள் மெதுவாக வருகிறவர்களுக்காக நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு ஃப்ரீஸ் தேவையே இல்லை. அவர் எழுதியது எழுதிய நொடியே திரையில் இருக்கிறது. தமிழுக்கு, சிங்களத்துக்கு, ஒரே ஓர் ஆளை நம்பி இருக்கும் இன்னும் பல மொழிகளுக்குத்தான் அந்தச் சில வாரங்கள் வேண்டும். நிற்கிற நிரலாளருக்கு அதனால் நேரடி லாபம் எதுவும் இல்லை. அந்த வாரங்கள் அவர் நமக்குக் கொடுக்கிற நேரம். அதனால்தான் அன்றைய காற்புள்ளி என்னை அவ்வளவு சுட்டது. கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. அதே காரணத்தால்தான் என் ஐந்து வரியும் தவறு. யாரோ ஒருவர் தன் மொழியின் திரையைச் சோதித்து முடித்திருந்தார். நான் அவருடைய ஞாயிற்றுக்கிழமையில் கை வைக்கப் பார்த்தேன்.

அப்படியானால் தமிழ்ப் பயனர் ஆறு மாதம் இரண்டு ‘சேமி…’களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கட்டுமா? விதியைக் காப்பாற்றி மனிதனைக் கைவிடுவதும் அறமில்லை. அதனால்தான் இருவர் சம்மதித்தால் திறக்கும் ஒரு கதவை வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவைத் தட்டியது தவறில்லை. தட்டும்போது ‘சின்னதுதானே’ என்று சொன்னதுதான் தவறு. சின்னதா பெரியதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அதன் சுமையைத் தாங்கப்போகிறவர்.

கதவு திறக்காமல் போன அன்று இரவு வேறொன்று தோன்றியது. நிரலைத் தொடக் கூடாதே தவிர, மொழிபெயர்ப்பை வெளியீட்டுக்கு முன்புவரை மாற்றலாம். அந்த நாட்களே அதற்காக விடப்பட்டவைதான். ‘சேமிக்காமல் மூடு’ என்பதை ‘கைவிட்டு மூடு’ என்று மாற்றினேன். கொஞ்சம் கரடுமுரடான தமிழ்தான். வெட்டுப்பட்டாலும் ஒன்று ‘சேமி…’ என்றும் மற்றது ‘கைவி…’ என்றும் தெரியும். என் எல்லைக்குள் இருந்த திருத்தத்தை விட்டுவிட்டு அடுத்தவர் எல்லைக்குள் கை நீட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. எல்லா நேரமும் இப்படி ஒரு சந்து கிடைத்துவிடாது என்பதும் தெரியும். கிடைக்காமல் போயிருந்தால் ஆறு மாதமும் யாராவது ஒருவர் தன் வேலையைத் தொலைத்திருப்பார். அதற்கு ஃப்ரீஸைக் காத்த எல்லாருமே பொறுப்பு.

இப்போது ஒவ்வொரு ஃப்ரீஸ் தேதியும் அறிவிக்கப்படும்போது நான் ஒரு கடிதம் எழுதுகிறேன். தமிழ்க் குழுவில் எத்தனை பேர் இருக்கிறோம், எத்தனை வாரம் எங்களுக்குத் தேவை, எந்த வாரத்தில் தீபாவளி வருகிறது என்றெல்லாம் அதில் இருக்கும். கேட்காத குரலைக் கேட்கவில்லை என்று அவர்களைக் குறை சொல்வதற்கு முன் நாம் வாயைத் திறக்க வேண்டும் அல்லவா. அந்தக் காற்புள்ளிக்காரர் போன முறை ஃப்ரீஸ் தொடங்கும் முன்பு எனக்கு எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் ஏழு வாக்கியங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது, இப்போதே செய்துவிடட்டுமா, உங்களுக்கு நேரம் இருக்குமா என்று.

செய்யுங்கள், இந்த ஞாயிறு ராசாவில்தான் இருப்பேன் என்று பதில் போட்டேன்.